ரூட்டர் எங்கே இருக்கிறது?

கணிப்பொறிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று, அதே பிரிவில் என்னோடு வேலை பார்த்த ஷாலினி கேட்டாள். மார்ச் மாதம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் நான். அதற்கு முன் என் வேலைக்காலம் முழுவதும் குன்னூரில் நம் தேயிலைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலேயே கழிந்தது. எஸ்டேட் ஆபீஸ், ஃபேக்டரி, மேனேஜர் பங்களா என்று எங்கெங்கிருந்தோ "நெட் வரலைங்க" என்று வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்தது.

எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை. அதை என்னைவிட வேகமாக நீங்களே தேடி எடுத்துவிடுவீர்கள். எதிர்முனையில் ஒருவர் பதறிக்கொண்டிருக்கிறார், அந்தப் பதற்றம் உங்களையும் தொற்றிக்கொள்கிறது. அந்த நேரத்தில் எதைச் செய்வது, அதைவிட முக்கியமாக எதைச் செய்யாமல் இருப்பது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். நெல்லியாளம் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியின் அதிகாரி, லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி போய்விடுகிறது என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஜீப்பில் போய் இறங்கியபோது ஆபீஸ் முழுவதும் அவர் மேசையைச் சுற்றி நின்றது. அந்தக் காலத்து லேப்டாப்களில் முன் விளிம்பில் வைஃபைக்கென்று தள்ளும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அவர் லேப்டாப்பை இறுக்கமான உறைக்குள் செருகும்போதெல்லாம் அது அணைந்துகொண்டிருந்தது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிப் பார்ப்பதுபோல் விரலால் தள்ளிவிட்டேன்.

"என்னங்க மேடம் கோளாறு?" என்றார்.

"உள்ள கொஞ்சம் லூசா இருந்துதுங்க சார்."

ஜீப் வரைக்கும் அவர் வழியனுப்ப வந்தபோதுதான், யாரும் இல்லாத இடத்தில், சுவிட்சைக் காட்டினேன். "அடக் கடவுளே, இதுக்கா உங்களை இவ்வளவு தூரம் வரவெச்சேன்!" என்று சிரித்தார். அதன்பிறகு எந்தக் கோளாறு என்றாலும் முற்றுவதற்குள் எனக்கே நேராகப் பேசிவிடுவார். பலர் முன்னால் ஒருவரைத் திருத்தினால், அடுத்த முறை அவர் நம்மிடம் எதையும் சொல்லமாட்டார்.

இனி, நான் சொல்ல வந்தது.

போன வருட மழைக்காலம். என் மகள் கீர்த்தனா தாவரவியல் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு முயன்றுகொண்டிருந்தாள். அதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் ஒரு வருடம் போயிருந்தது. தேறி எழுந்து இரண்டு இடங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். இரண்டும் கிடைக்கவில்லை. அதன்பின் அவள் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் பதில் வரும். கேட்காமல் ஒரு வார்த்தை வராது. சாப்பிட மட்டும் அறையிலிருந்து வெளியே வந்தவள், பிறகு தட்டை உள்ளேயே எடுத்துப்போக ஆரம்பித்தாள். பிள்ளை அழுதால் தேற்றலாம். அழாத பிள்ளையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு நேர்முகத் தேர்வு. அதுவும் வீடியோவில். குறித்த நேரத்தில் இணைப்பில் வராதவர்களுக்கு மறு வாய்ப்பு கிடையாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

அதே வாரம் சேரம்பாடியில் என் அண்ணன் வீட்டில் வளைகாப்பு. அண்ணன் அங்கே ஓர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். எனக்கு லீவு கிடைக்கவில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் பிள்ளை தெளிவாளே என்று கீர்த்தனாவை மட்டும் அனுப்பி வைத்தேன். படிக்க வேண்டும் என்று லேப்டாப்பையும் எடுத்துப் போனாள். வளைகாப்பு முடிந்த மாலையே திரும்பி வர வேண்டியவள். அதற்குள் மழை வலுத்து, கூடலூருக்கு இந்தப் பக்கம் சாலையில் மண் சரிந்து, பஸ் நின்றுவிட்டது. மறுநாள் பதினோரு மணிக்குத் தேர்வு. அண்ணன் வீட்டிலிருந்தேதான் பேச வேண்டும் என்றாயிற்று.

உண்மையைச் சொன்னால், அப்போது நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அண்ணன் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. பொங்கலுக்குப் போயிருந்தபோது கூடத்தில் டிவிக்கு மேல் பலகையில் ரூட்டர் இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். "கூடத்துல டிவிக்குப் பக்கத்துல உக்காரு. சிக்னல் நல்லா இருக்கும், பின்னாடி சுவரும் வெறுமையா இருக்கும்" என்று போனில் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன். கைபேசி இணையத்தை மட்டும் நம்ப முடியாது. மழை நாளில் சேரம்பாடியில் பேச்சு கேட்கும், படம் நகராது.

மறுநாள் காலை அவள் சோதித்துப் பார்த்தபோது கோடுகள் முழுதாக இருந்தன. நான் நிம்மதியாக ஆபீசுக்கு வந்தேன். தேர்வுக்கு அரைமணி நேரம் இருக்கும்போது போன் வந்தது.

"அம்மா, படம் கட்டம் கட்டமா வருது. அப்புறம் அப்படியே நின்னுடுது."

"எத்தனை கோடு காட்டுது?"

"ஒண்ணு. இல்ல, இப்ப அதுவும் போயிடுச்சு. காலைல ஃபுல்லா இருந்துதும்மா!"

"பதறாத. வைஃபையை அணைச்சுட்டுப் போடு."

அணைத்துப் போட்டாள். வந்தது. எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போயிற்று. ஏரோப்ளேன் மோடு போட்டு எடுக்கச் சொன்னேன். பலனில்லை. இணைப்பை அழித்துவிட்டுப் பாஸ்வேர்டு கொடுத்து மறுபடி சேரச் சொன்னேன். சேர்ந்தது, மூன்று கோடு. "இப்ப சரியாயிடுச்சு பாரு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். நாம் ஒன்றைச் செய்கிறோம், அடுத்த நொடி இணைப்பு வருகிறது. நாம் செய்ததால்தான் வந்தது என்று நம்பிவிடுகிறோம். அந்த வீட்டில் அதே நொடியில் வேறு என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை. வந்து வந்து போகிறது என்றால் லேப்டாப்பில் வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன்.

"கீர்த்து, செட்டிங்ஸைத் திற. நெட்வொர்க் பகுதிக்குப் போ. கடைசில நெட்வொர்க் ரீசெட்னு இருக்கும்..."

எதிர் மேசையில் இருந்த ஷாலினி எழுந்து வந்து என் முன்னால் கையை நீட்டினாள். "அக்கா, நிறுத்துங்க."

"என்ன?"

"அதைப் பண்ணா ரீஸ்டார்ட் ஆகுங்க. எத்தனை நாளா அப்டேட் போடாம வெச்சிருக்காளோ! அது அப்டேட்டுனு உக்காந்துடுச்சுன்னா, எந்திரிச்சு வர்றதுக்குள்ள இன்டர்வியூவே முடிஞ்சுடும்."

அது எனக்குத் தெரியாதா? வேறு யாருடைய லேப்டாப் என்றாலும் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது. கையிலிருக்கும் நேரத்துக்குள் திரும்ப வர முடியாத வழியில் இறங்கக் கூடாது என்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

"போனை எங்கிட்ட குடுங்கக்கா."

"எம் பொண்ணு, ஷாலினி."

"அதனாலதாங்க கேக்கறேன்."

கொடுத்துவிட்டேன். ஷாலினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கீர்த்து, நான் ஷாலினி. லேப்டாப்பை ஓரமா வெச்சுட்டு எந்திரிச்சுப் போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வா."

"தண்ணியா? அக்கா, நேரம் ஆகுதுக்கா!"

"தெரியும். குடிச்சுட்டு வா."

தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அவள் மூச்சு சீராவது எங்களுக்கே கேட்டது.

"காலைல நல்லா இருந்துதுன்னு சொன்னயில்ல, அப்ப ஊட்ல யாரு என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"இது என்னக்கா கேள்வி?"

"சும்மா சொல்லு."

"மாமா ஆபீசுக்குக் கிளம்பிட்டிருந்தாரு. அத்தை பீரோக் கதவைத் திறந்து முதுகால தாங்கிட்டே, நேத்து எல்லாரும் கட்டுன பட்டுச்சேலையைக் கட்டில்ல விரிச்சுட்டிருந்தாங்க. மழைல நனைஞ்சுடுச்சு."

"அப்புறம்?"

"காஞ்சதை மடிச்சு மடிச்சு உள்ள வெக்கறாங்க. திறக்கறதும் மூடறதுமா இருக்காங்க. நான் இங்க டென்ஷன்ல இருக்கேன், அவங்க அந்தக் கதவை டமார் டமார்னு... அக்கா! அக்கா, வருது! மூணு கோடு!"

"இப்ப அத்தை என்ன பண்றாங்க, எட்டிப் பாரு."

"பீரோவைத் திறந்திருக்காங்க."

ஷாலினி என்னைப் பார்த்தாள். நான் போனை நோக்கிக் குனிந்தேன். "கீர்த்து, டிவிக்கு மேல ரூட்டர்ல என்ன லைட் எரியுது?"

"டிவிக்கு மேலயா? அங்க முருகர் படந்தாம்மா இருக்கு."

அந்த வீட்டின் வைஃபையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். ரூட்டர் எங்கே இருக்கிறது என்ற முதல் கேள்வியையே அதுவரை நான் கேட்கவில்லை. பொங்கலுக்குப் பார்த்தது ஆனியிலும் அதே இடத்தில் இருக்கும் என்று யார் சொன்னது?

"அத்தைகிட்ட போனைக் குடு."

அண்ணி வந்தார். "ஏன் சாந்தி, புள்ள ஏன் இப்படி வெலவெலத்துப் போய் நிக்கறா? ஒரு வாய் இட்லி திங்கலை."

"அண்ணி, அந்த வைஃபை பொட்டி எங்க இருக்குது?"

"அதா? பீரோவுக்குள்ள பத்திரமா இருக்குது."

"பீரோவுக்குள்ளயா!"

உங்களில் சமவெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே மழைக்காலத்தில் துணி தானாகக் காயாது. பீரோவுக்குள் இருந்தாலும் பூசணம் பிடிக்கும். அதனால் பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு வயர் இழுத்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்போம். வெளிச்சத்துக்காக அல்ல, சூட்டுக்காக. நீங்கள் குடியேறியிருக்கும் வாடகை வீடுகளில் அந்த ஓட்டையை இந்நேரம் பார்த்திருப்பீர்கள்.

"உள்ள இருந்த பல்பு போயிடுச்சு," என்று அண்ணி நிதானமாக ஆரம்பித்தார். "கடைல கேட்டா, குண்டு பல்பெல்லாம் இப்ப வர்றதில்லீங்கன்னு எல்இடியைக் குடுத்து உட்டுட்டான். அது பளீர்னு எரியுது, ஆனா தொட்டாச் சில்லுனு இருக்குது. ரெண்டு பட்டுச்சேலைல பூசணம் வந்துடுச்சு. உங்கண்ணன் வாங்கி வெச்ச இந்தப் பொட்டி பாரு, ராப்பகலா எரியுது, எப்பத் தொட்டாலும் கதகதன்னு இருக்குது. ஓட்டைதான் ஏற்கெனவே இருக்குதேன்னு உள்ள தூக்கி வெச்சுட்டேன். இப்பச் சேலையைத் தொட்டுப் பாக்கணும் நீ, மொறுமொறுன்னு இருக்குது!"

"அப்ப நெட்டு?"

"நெட்டுக்கு என்ன? புள்ளைங்கல்லாம் கட்டில்ல படுத்துட்டு போன் பாக்குதுங்க, நல்லாத்தான் வருது."

கட்டில் பீரோவை ஒட்டி இருக்கிறது. இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து கசியும் சிக்னல் கட்டில் வரைக்கும் போதும். கூடத்துக்கு எட்டாது. கதவு திறந்தால் கூடத்துக்கும் வரும், மூடினால் போய்விடும். என் வைத்தியம் பலித்ததாக நான் நினைத்த ஒவ்வொரு முறையும் அண்ணி ஒரு சேலையை உள்ளே வைக்கக் கதவைத் திறந்திருக்கிறார்.

ஷாலினி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுதான் தொந்தரவுன்னா இரு சாந்தி, இப்பவே உருவி வெளிய வெச்சுடறேன்" என்றார் அண்ணி. ஹேங்கர்கள் உரசும் சத்தம் கேட்டது.

"தொடாதீங்க!" என்று நானும் ஷாலினியும் ஒன்றாகக் கத்தினோம். ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃபைபர் வயருக்குள் இருப்பது முடி மாதிரி ஒரு கண்ணாடி இழை. தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக நுழைந்து வந்திருக்கிறது. அவசரத்தில் இழுத்து மடங்கினால் மொத்த வீட்டுக்கும் இணைப்பு போகும். சரிசெய்ய ஆள் வர வேண்டுமென்றால் சாலையில் மண் கிடக்கிறது. ரூட்டரைப் பழைய இடத்தில் வைப்பதுதான் முறையான தீர்வு என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்துக்கு வேண்டியது முறையான தீர்வு அல்ல. ஒரு மணி நேரம் தாங்கும் தீர்வு. ரூட்டர் அசையக் கூடாது. அசையக்கூடியது கீர்த்தனாதான்.

"கீர்த்து, லேப்டாப்பை எடுத்துட்டுப் படுக்கை ரூமுக்கு வா."

"அம்மா! கட்டில் பூரா சேலை. பின்னாடி எல்லாம் தெரியும்மா. அவங்க என்ன நினைப்பாங்க?"

"நீ பீரோவைப் பாத்து உக்காரு," என்றாள் ஷாலினி. "சேலையை நீ பாரு. அவங்க உம் பின்னாடி சுவத்தைப் பாக்கட்டும்."

நாற்காலி இழுபடும் சத்தம். சுவரில் இருந்த காலண்டரை யாரோ கழற்றும் சத்தம். பிறகு கீர்த்தனாவின் குரல்: "ஃபுல்லா இருக்கும்மா." அடுத்த நொடியே, "ஐயோ, கதவு தானா மூடுது!"

பழைய வீடு, தரை ஒரு பக்கம் சாய்வு. அந்தக் கதவு திறந்து நிற்காது. அண்ணிதான் வழி சொன்னார். "நான் முக்காலி போட்டு உக்காந்து புடிச்சுக்கறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"இருமலும் வரக் கூடாதுங்க அத்தை" என்றாள் ஷாலினி.

"வந்தா முந்தானையைச் சுருட்டி வாய்ல வெச்சுக்கறேன் கண்ணு. போதுமா? நீங்க போனை வைங்க, எம் புள்ள உள்ள போகட்டும்."

போனை வைத்தோம்.

அதன்பிறகு நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றெல்லாம் ஷாலினி எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. மசினகுடியில் இருக்கும் நம் கம்பெனி ரிசார்ட்டிலிருந்து வந்திருந்த, பிரின்ட் வராத ஒரு பழைய பிரின்டரை என் மேசையில் வைத்து, "இதைக் கொஞ்சம் பாருங்கக்கா" என்றாள். அதைத் திறந்து, உருளைகளைத் துடைத்து, மாட்டி, மறுபடி திறந்து துடைத்தேன். அன்று அது எனக்குச் செய்த உதவியை வேறு எந்த இயந்திரமும் செய்ததில்லை.

உங்கள் சொந்தப் பிள்ளை, சொந்தத் தம்பி, சொந்தக் கணவன் பதறிப்போய்க் கூப்பிடும் நாள் ஒன்று உங்களுக்கும் வரும். எவ்வளவு தெரிந்தவரானாலும் அன்று போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அது தோல்வி அல்ல. ஷாலினிக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது என்பதல்ல விஷயம். அவளுக்கு அது பெற்ற பிள்ளையின் குரல் இல்லை, அவ்வளவுதான். அதனால் அவளால் காத்திருக்க முடிந்தது, தண்ணீர் குடிக்கச் சொல்ல முடிந்தது, லேப்டாப்பை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்க முடிந்தது.

அண்ணி செய்ததை முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் வீட்டில் கதகதப்பாக இருந்த ஒரே பொருளை, கதகதப்பு தேவைப்பட்ட இடத்தில் வைத்தார். எந்த வீட்டில் எந்தப் பொருள் என்ன வேலைக்குப் போயிருக்கிறது என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு நம்மால் ஊகிக்க முடியாது. கேட்கத்தான் வேண்டும்.

கீர்த்தனாவுக்கு இடம் கிடைத்தது. இப்போது விடுதியில் இருக்கிறாள். ஆனாலும் மழை வலுக்கும்போதெல்லாம் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. அந்த ரீசெட் பொத்தானை அவள் அழுத்தியிருந்தால் என்ற நினைப்பு வந்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் இல்லை.

அந்த நினைப்பை விரட்ட எனக்கு இருப்பது, தேர்வு முடிந்து அவள் என்னைக் கூப்பிட்ட அழைப்பு.

"முடிஞ்சுதும்மா" என்றாள்.

என்ன கேட்டார்கள், எப்படிச் சொன்னாய் என்றெல்லாம் கேட்க வேண்டிய நான், "நடுவுல நெட் போச்சா?" என்று கேட்டேன்.

"நெட்டா?" அவள் யோசிப்பது தெரிந்தது. "தெரியலையேம்மா. நான் அதைப் பாக்கவே இல்ல. பேசிட்டே இருந்தோம். அதுல ஒரு மேடம், நம்ம சோலைக்காட்டைப் பத்திக் கேட்டாங்க. பாசி எப்படித் தண்ணியைப் புடிச்சு வெக்குதுன்னு நான் சொன்னேன். இல்லையேன்னு ஒரு சார் குறுக்க வந்தாரு. விடுவேனா நானு? இல்லீங்க சார், நான் நேர்ல பாத்திருக்கேன்னு..."

நான் எதுவும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். பாசியிலிருந்து பெரணிக்குப் போனாள், பெரணியிலிருந்து அந்த சார் போட்டிருந்த குல்லாவுக்கு வந்தாள், அத்தை இருமலை அடக்கிச் சிவந்துபோன கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், மறுபடி பாசிக்கே போனாள். ஷாலினி மேசை மீது டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போகும் வரைக்கும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.